வீதியும் மைதானமும்

யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிகளுக்காக முன்னிலையாகும் சட்டத்தரணி என்ற முறையில், வீதி வழக்குகளைச் சிறியவை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த குற்றச்சாட்டை, 'தண்டத்தைக் கட்டிவிட்டுப் போவம்' என்று ஒப்புக்கொள்ளும் இளைஞர், சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்டால் வீட்டின் உழைப்பே நின்றுவிடும் என்பதை யோசிப்பதில்லை.

உதைபந்தாட்டப் போட்டியின் பின் நடக்கும் கைகலப்பு இன்னும் சிக்கலானது. சட்டவிரோதக் கூட்டம், அதாவது பலர் தவறான பொது நோக்கத்தோடு ஒன்றுகூடினர் என்று குற்றஞ்சாட்டும்போது அடித்தவரும் விலக்கப் போனவரும் ஒரே கூண்டில் நிற்க நேர்கிறது. ஆதலால் அடையாளச் சாட்சியத்தையே முதலில் குறுக்கு விசாரணை செய்வேன். இங்கிலாந்தில் 1989ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பார்வையாளர் சட்டம், 3 முதல் 10 ஆண்டுகள் வரை போட்டிகளுக்குச் செல்லத் தடைவிதிக்க இடமளிக்கிறது. விளையாட்டை உயிராக நேசிக்கும் எங்கள் பையன்களுக்குச் சிறையைவிட அதுவே பொருத்தம் என்று நம்புகிறேன், கை ஓங்கியவர் யாரென்பது ஐயமின்றி நிரூபிக்கப்பட்டிருந்தால்.