காதில் கருவி இருந்தால் பாடம் கேட்டுவிடுமா?

மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்று இலங்கையில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் பிள்ளையை வகுப்பு வாசலில் கொண்டுவந்து விடும். அதற்குப் பிறகு எல்லாம் வகுப்பு ரீச்சர் கையில். கேட்டல் கருவி போட்ட பிள்ளையைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கொழும்பில், காலி வீதிப் பக்கம் யன்னல் உள்ள வெள்ளவத்தை வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பஸ் ஹோர்ன், தலைக்கு மேலே மின்விசிறி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. கருவி இவை எல்லாவற்றையும் ரீச்சரின் குரலோடு சேர்த்தே பெரிதாக்கும். பேசுபவருக்கும் பிள்ளைக்கும் இடையிலான தூரம் இரு மடங்கானால் குரல் 6 டெசிபெல் அளவு குறையும். இரைச்சல் அப்படியே இருக்கும். அதனால் பிள்ளை 2 மீற்றருக்குள் இருக்க வேண்டும். முதல் வரிசையை விட இரண்டாம் வரிசையின் ஓரம் நல்லது, திரும்பினால் மற்றப் பிள்ளைகளின் முகமும் தெரியும். வீதிப் பக்கம் வேண்டாம். நன்றாகக் கேட்கும் காது வகுப்பைப் பார்த்திருக்கட்டும். ரீச்சர் யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், உதடு தெரியாது. பலகையில் எழுதிக்கொண்டே பேசுவதும் அப்படித்தான்.

உதடு தெரிந்தாலும் போதாது. பணம்–மணம், பாலை–மாலை: இந்தச் சோடிகளை உதட்டில் பிரித்தறியவே முடியாது. சொல்வதெழுதலில் தனிச் சொல்லாகச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது எழுத்துப் பரீட்சையே அல்ல, ஊகப் பரீட்சை. 'பூவின் மணம்' என்று வசனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலையில் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு மீற்றர் தள்ளி நின்று, வாயைத் தாளால் மறைத்து, ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். நேற்றுக் கேட்ட ஒலி இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பற்றரி, பிறகு காது அச்சின் (காதுக்குள் பொருந்தும் பகுதியின்) குழாய். கொழும்புப் புழுக்கத்தில் அந்த மெல்லிய குழாய்க்குள் நீர்த்துளி தேங்கிவிடும். ஒரு துளி போதும், குரல் அடைபட்டுவிடும். குழாயைக் கருவியிலிருந்து கழற்றிய பிறகே காற்றடித்து வெளியேற்ற வேண்டும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பை போட்ட மூடிய டப்பாவில் வைக்கும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். மேலதிகப் பற்றரி ஒரு பக்கெற் ரீச்சரின் லாச்சியில் இருக்கட்டும்.

இன்னொன்று. "விளங்கினதா?" என்று கேட்டால் இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் "ஓம்" என்று தலையாட்டிவிடுவார்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இல்லை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்! "இப்ப என்ன செய்யப் போறீங்கள், சொல்லுங்கோ பார்ப்பம்" என்று கேளுங்கள்.