57க்கு 55

2024 டிசம்பர் 27 இரவு ஒட்டாவாவில், இளையோர் உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் கனடாவும் லாட்வியாவும் ஆடிய ஆட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சு முழுக்க, கனடா எப்படித் தோற்றது என்பதுதான். பயிற்சியாளர் டேவ் கேமரன் செய்த தெரிவு சரியா, பவர் பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) ஏன் எடுபடவில்லை, இந்த அணி ஏன் இப்படி. வானொலியிலும் அதுதான், வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்திலும் அதுதான். வென்ற அணியின் கோலி, அதாவது கோல் காப்பாளர், அவர் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. என் மகளும் கோலி. அதனால் அந்தப் பெயரை நான் எழுதி வைக்க விரும்புகிறேன்: லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ், லாட்வியா, அப்போது வயது 19.

ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி ஒவ்வொரு ஆண்டும் நத்தாருக்கு மறுநாள் தொடங்கும். பத்து நாடுகள், ஐந்து ஐந்தாக இரண்டு பிரிவுகள். கனடாவில் இதைப் பார்ப்பது நத்தார் கேக் மாதிரி, விடுமுறையோடு ஒட்டிப்போன வழக்கம். இதுவரை கனடா 20 தங்கம் வென்றிருக்கிறது. லாட்வியாவின் மொத்த மக்கள் தொகையே 20 லட்சத்துக்குக் குறைவு. 2023இல் இதே டிசம்பர் 27ஆம் தேதி, சுவீடனின் கோதன்பர்க் நகரில் கனடா லாட்வியாவை 10-0 என்று வென்றது. ஆகவே இந்த முறை அரங்குக்கு வந்தவர்கள் கோல் மழையை எதிர்பார்த்து வந்ததில் வியப்பில்லை. முந்தின நாள்தான் கனடா பின்லாந்தை 4-0 என்று வென்றிருந்தது.

எங்களுக்கு இடம் கிடைத்தது மேல் தட்டில், கோலுக்குப் பின்னால். ரிவியில் பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) எங்கே போகிறதோ அங்கேதான் கமரா போகும். மேலே இருந்து பார்த்தால் கோலியை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மகள் முதல் பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் முதலாவது) முழுக்க அதைத்தான் செய்தாள். "அம்மா, அவர் பாயிறதே இல்லை, பாத்தீங்களோ?" என்றாள்.

அவள் சொன்னது பெரிய விஷயம். கோலி பக்கவாட்டில் பாய்ந்து பிடிப்பது கண்ணுக்கு அழகு, செய்தியில் காட்டுவதும் அதைத்தான். ஆனால் பாய வேண்டி வந்தால் பெரும்பாலும் அதற்கு முன்பே நின்ற இடம் பிசகிவிட்டது என்று பொருள். நல்ல கோலி பக் வருவதற்கு முன்பே வர வேண்டிய இடத்தில் நிற்பார். பிறகு பக் அவர் மீது பட்டுவிட்டுப் போகும். பார்ப்பவர்களுக்கு அடித்தவர் நேரே அவர் மீது அடித்துவிட்டது போலத் தெரியும். ஃபெல்ட்பெர்க்ஸ் அன்று இரவு முழுக்க அப்படித்தான் நின்றார். முழங்கால்களை மடக்கிக் கீழே போவார், பக் நெஞ்சில் மோதும், கையால் மூடிக்கொள்வார், விசில். காலில் பட்டால் மூலைக்குத் தள்ளிவிடுவார், நடுவுக்கு விடமாட்டார். ரீபவுண்ட், அதாவது பட்டுத் திரும்பும் பக், நடுவில் விழுந்தால் கனடா ஆட்களிடமிருந்து தப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். முன்னால் இரண்டு பேர் வந்து பார்வையை மறைத்து நிற்பார்கள். அப்போது குனிந்து ஒருவரின் இடுப்புக்குப் பக்கத்தால் பார்ப்பார், அடுத்த நொடி நிமிர்ந்து தோளுக்கு மேலால் பார்ப்பார். இதையே, 15 கிலோவுக்கு மேல் உடுப்பும் காப்புப் பாட்களும் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக.

முதல் பீரியடில் மனதைக் கலக்கிய ஒன்றும் நடந்தது. கனடாவின் மாத்யூ ஷேஃபர், 17 வயதுப் பிள்ளை, வேகமாக வந்து கோல் கம்பத்தில் மோதினான். தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனபோதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய அடி என்று தெரிந்தது. காறை எலும்பு முறிந்துவிட்டது. அந்த ஆண்டு பெப்ரவரியில்தான் அவனுடைய தாயார் புற்றுநோயால் இறந்திருந்தார். அதன் பிறகு கனடா மீது கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

கடைசி சில நிமிடங்கள் வரை கனடாதான் 2-1 என்று முன்னால் இருந்தது. அப்போது லாட்வியா சமன் செய்தது. மேலதிக நேரத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர்தான் ஆடுவார்கள். இவ்வளவு திறந்த பரப்பில் கனடாவை நிறுத்துவது லேசான வேலை இல்லை, அதையும் தாண்டினார்கள். அப்புறம் ஷூட்அவுட்.

ஷூட்அவுட்டில் கோலி தனி. அடிப்பவர் நடுக்கோட்டிலிருந்து வருவார். கோலி முதலில் முன்னால் வந்து இடைவெளியைச் சுருக்க வேண்டும், பிறகு வருபவரின் வேகத்துக்குச் சரியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். முக்கியமாக, முதலில் அசையக் கூடாது. இரண்டு பேரில் யார் முதலில் முடிவெடுக்கிறாரோ அவர்தான் பெரும்பாலும் தோற்பார். கனடாவிலிருந்து எட்டு முறை வந்தார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. எட்டாவது சுற்றில் லாட்வியாவின் எரிக்ஸ் மாடெய்கோ போட்ட ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. 3-2. ஆட்டத்தில் கோலை நோக்கிக் கனடா அடித்தவை 57, ஃபெல்ட்பெர்க்ஸ் தடுத்தவை 55.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது சோச்சி. 2014 பெப்ரவரி 19, ஒலிம்பிக் காலிறுதி, கனடாவும் லாட்வியாவும். அன்று லாட்வியாவின் கோலி கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ், வயது 21. கனடாவின் அடிகள் 57, அவர் தடுத்தவை 55. இதே கணக்கு. ஷே வெபர் கடைசிக் கட்டத்தில் போட்ட கோலால் கனடா 2-1 என்று தப்பியது. பிறகு தங்கமும் வென்றது. அந்த ஒலிம்பிக் முழுவதும் கனடாவுக்கு எதிராக விழுந்தவை மூன்றே கோல், அதில் ஒன்று லாட்வியா போட்டது. அந்த நேரம் ஃபெல்ட்பெர்க்ஸ் எட்டு ஒன்பது வயதுப் பையன். லாட்வியாவில் கோலியாக வளரும் ஒரு பிள்ளைக்கு அந்த ஆட்டம் தெரியாமல் இருந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

அந்த நாட்டுக்கு நல்ல கோலிகள் புதிதில்லை. ஆர்டூர்ஸ் இர்பே, கிழிந்த பாட்களைத் தன் கையாலேயே தைத்துத் தைத்து வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.லில் ஆடியவர், 2002இல் கரோலினா அணியை அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ண இறுதி வரை கொண்டு போனவர். எல்விஸ் மெர்ஸ்லிகின்ஸ். 2021இல் 24 வயதில் இறந்துபோன மாடிஸ் கிவ்லெனியக்ஸ். 2023இல் பெரியவர்களுக்கான உலகப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவான ஆர்டூர்ஸ் ஷிலோவ்ஸ். அந்தப் போட்டியில் லாட்வியா அமெரிக்காவை வென்று வெண்கலம் எடுத்ததும் நாடாளுமன்றம் கூடி மறுநாளைப் பொது விடுமுறை ஆக்கியது. ஒரு வெண்கலத்துக்கு நாடே விடுமுறை எடுக்கிற இடத்திலிருந்து வருகிற பெடியன்களை, நாங்கள் தோற்றதற்கான காரணம் என்று மட்டும் எண்ணிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கனடாவின் கோலிக்கும் ஒரு வார்த்தை. நிறைய அடி வாங்குவதைவிட, அடியே வராமல் பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திடீரென ஒன்றைத் தடுப்பதுதான் கடினம் என்று மகள் சொல்வாள். உடம்பு குளிர்ந்துவிடும், கவனம் அலையும். அந்தப் பிள்ளையிடமும் ஷூட்அவுட்டில் முதல் ஏழு பேரால் கோல் போட முடியவில்லை.

அதற்குப் பிறகு கனடா ஜெர்மனியை வென்றது, அமெரிக்காவிடம் தோற்றது, ஜனவரி 2இல் காலிறுதியில் செக்கியாவிடம் 4-3 என்று வெளியேறியது. அதே நாளில் லாட்வியாவும் காலிறுதியில் ஆடியது. சுவீடனிடம் 3-2, ஒரு கோல் வித்தியாசம்.

ஒட்டாவாவில் பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு ஒன்று. ஃபெல்ட்பெர்க்ஸ் அப்போது எங்கோ தொலைவில் இருக்கவில்லை. கியூபெக் ஜூனியர் லீக்கில் ஷெர்புரூக் ஃபீனிக்ஸ் அணியின் கோலியாக இருந்தார் அவர். மாடெய்கோ ஆடியதும் அதே லீக்கில், செயின்ட் ஜோன் அணிக்கு. இரண்டு அணிகளும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோவுக்கு விளையாட வரும். உலகப் போட்டியின் சீட்டோடு பார்த்தால் அங்கே விலை மிகக் குறைவு. போனால் கோலுக்குப் பின்னால் உட்காருங்கள். பக்கைப் பிள்ளைகள் பார்க்கட்டும், நீங்கள் கொஞ்ச நேரம் கோலியை மட்டும் பாருங்கள்.