வரம்பு வேணும், ஆனா இப்படியா?

விளையாட்டுல திருநங்கைகள் பெண்கள் பிரிவுல போட்டி போடலாமான்னு திரும்பத் திரும்ப சண்டை. ஓட்டத்துல டாப் லெவல்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம், ஆண் பருவ வயசுல வந்த உயரமும் எலும்பும் அப்புறம் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன குறைச்சாலும் திரும்பிப் போகாது, அதனால ஒலிம்பிக் மாதிரி இடத்துல ஒரு வரம்பு வேணும்னு பொண்ணுங்க கேக்கறத வெறுப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

ஆனா அதுக்காக நடக்கற டெஸ்ட்ட பாருங்க. 1985ல ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ, பொண்ணாவே பொறந்து வளர்ந்தவங்க, குரோமோசோம் டெஸ்ட்ல, வழக்கமா ஆண்களுக்கு இருக்கற எக்ஸ்ஒய்னு வந்துச்சு, அவங்க உடம்புல டெஸ்டோஸ்டிரோன் வேலையே செய்யாது, ஒரு லாபமும் கிடையாது, இருந்தும் ஸ்காலர்ஷிப் போச்சு, மானம் பேப்பர்ல போச்சு, 1988லதான் திரும்ப சேத்துக்கிட்டாங்க. இப்ப 2025 செப்டம்பர்லேர்ந்து தடகளத்துல பெண்கள் பிரிவுக்கு மறுபடி ஜீன் டெஸ்ட்!

நீச்சல்ல 2023 பெர்லின் உலகக் கோப்பையில திருநங்கைகளும் சேரலாம்னு யாருக்கும் திறந்த ஓபன் பிரிவு தனியா வெச்சாங்க, ஒருத்தர்கூட பேர் குடுக்கல. எல்லாரும் பாக்க தனியா போய் நிக்க யாருக்குங்க தைரியம் வரும்? சரி, டாப் லெவலுக்கு ரூல் போடுங்க, ஆனா சும்மா ஃப்ரெண்ட்ஸோட விளையாட வர்ற சின்னப் புள்ளைங்க வரைக்கும் அதையே இழுத்துட்டு வராதீங்க, ப்ளீஸ்.