தரங்கம்பாடிக்கு ஒரு வேன், 22 பேர், தலைக்கு 650 ரூபாய்

வேன் விவகாரத்தை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. கும்பகோணத்தில் எங்கள் தெருக்காரர்கள் 22 பேர், பாதிக்கு மேல் பென்ஷன்காரர்கள். பூம்புகாரும் தரங்கம்பாடியும் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்ப, ஏ.சி. வேன் 9,500க்குப் பேசினோம். எல்லாம் சேர்த்து என்றுதான் சொன்னார்கள். ஆடுதுறை தாண்டுவதற்குள் ஏ.சி. நின்றது. ராத்திரி இறங்கும்போது டிரைவர் பேட்டா 800, சுற்றிப் போனதற்கு 1,200 என்று கையை நீட்டினார். அரை மணி நேரம் தெருவிலேயே வாக்குவாதம். பேட்டா, கிலோமீட்டர், பார்க்கிங் மூன்றையும் தாளில் எழுதி வாங்காமல் யாரும் வேன் ஏறாதீர்கள்.

பூம்புகாரில் கடற்கரையைவிட எனக்குப் பிடித்தது கீழையூர். அங்கே தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை இருக்கிறது. கூடவே கிடைத்த மரக்கம்பத்தை வைத்துக் கி.மு. 3, 4ஆம் நூற்றாண்டு என்று கணித்திருக்கிறார்கள். கப்பலில் குதிரை வந்து இறங்கியதையும் வண்டியில் மிளகு மூட்டை வந்ததையும் பட்டினப்பாலை சொல்கிறதே, அந்த ஊர். இன்றைக்குத் தண்ணீர் விலகிப்போய், அந்தத் துறைக்கு ஒரு ஓடம்கூட வர வழியில்லை.

தரங்கம்பாடியில் நேர்மாறு. இங்கே கடல் உள்ளே வந்துவிட்டது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. கருங்கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். பார்க்க வயிறு கலங்கியது.

கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் டேனிஷ் கோட்டை, 1620இல் கட்டத் தொடங்கியது. கீழே சரக்கறைகளும் சிறையும், மேலே ஆளுநர் குடியிருந்த பகுதி. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஏட்டில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. தமிழில்! அதைக் கேட்டதும் எங்கள் கூட்டமே கைதட்டியது. 1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பார்த்துக் கிளம்புங்கள்.

சாப்பாடு! காலைக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனதால் மதியத்துக்குக் காசு மிஞ்சியது. பொறையாற்றில் ஒரு சின்ன மெஸ், எட்டு மேசைதான். மண்சட்டியில் சங்கரா மீன் குழம்பு, மாங்காய் போட்டது. புளிப்பு நாக்கின் ஓரத்தில் நின்றது. வஞ்சிரம் வறுவலோடு ஆளுக்கு 160 ரூபாய். சோறு கேட்கக் கேட்க வந்தது. மீன் தொடாத நான்கு பேருக்கு அந்த அம்மா தனியாக வத்தக்குழம்பு வைத்துக் கொடுத்தார். அதற்காகவே இன்னொரு தடவை போவேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா, அச்சகத்தில் நாற்பது வருஷம் எழுத்துக் கோத்தவர். அவர் வந்ததே சீகன்பால்குக்காகத்தான். 1706இல் கப்பலிலிருந்து இறங்கி, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு. 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் கல்லறை முன்னால் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஈய எழுத்து கனத்துக் கனத்து இடது கை கட்டைவிரல் வளைந்தே போனவர் மாமா. அச்சடிக்கக் காகிதம் போதாமல் பொறையாற்றுப் பக்கம் ஆலை வைத்தார்கள், அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் என்று சொல்லி, அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

ஆலையின் சுவர் என்று எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை. மாமா மட்டும் இறங்கிப் பத்து நிமிஷம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஏறினார். அந்தச் சில கிலோமீட்டருக்குத்தான் 1,200 கேட்டார்கள். கொடுக்கவில்லை. மாமா தன் பையிலிருந்து நோட்டை எடுத்தபோது நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டோம்.