பாலியில் பாஸ்போர்ட்டோடு பை பறிபோனால்: போலீஸ் ஸ்டேஷன் முதல் ஊர் திரும்பும் வரை

இந்தோனேசியாவின் பாலித் தீவில் குட்டா, லெகியான், செமின்யாக் பக்கம் பை பறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர் வருவார்கள். சாலைப் பக்கம் தொங்கும் பையையோ, மேப் பார்க்கக் கையில் பிடித்திருக்கும் போனையோ பின்னால் உட்கார்ந்திருப்பவன் இழுத்துக்கொண்டு போய்விடுவான். குறுக்காக மாட்டிய பை என்றால் வார் அறுவதற்குள் ஆள் தரையில் விழுந்து இழுபடுவார். அதனால் இழுத்தால் விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் போனால் மீள வழி இருக்கிறது, தலையில் அடிபட்டால் கதையே வேறு.

அந்த வழியில் முதலில் கைக்கு வருவது போலீஸ் தரும் காகிதம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்துத்தான் தூதரகம், இமிக்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாமே நகரும்.

ஸ்டேஷனுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது: கூட வந்தவர் போனிலிருந்தோ ஹோட்டல் வைஃபையிலிருந்தோ கார்டுகளை முடக்குங்கள். போனும் போயிருந்தால் சிம்மை முடக்க, சிம் நிறுவனத்திடம் பேசும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். ஓடிபி, யுபிஐ எல்லாம் அந்த எண்ணில்தானே இருக்கிறது. வங்கிக்குச் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் எழுதி வையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, பின் நம்பரைப் பர்ஸில் எழுதி வைத்தது போன்ற நம் கவனக்குறைவால் பணம் போனால், தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் நம் தலையில் விழும். சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

புகாரை, சம்பவம் நடந்த எல்லைக்குள் இருக்கும் ஸ்டேஷனில் (அங்கே 'போல்செக்' என்பார்கள்) கொடுக்க வேண்டும். நுசா பெனிடாவில் பறிபோனது என்றால் படகேறும் முன் அந்தத் தீவிலேயே முடித்துவிடுங்கள். பொருள் தொலைந்ததற்கான சான்று ஒன்று, திருட்டு அல்லது பறிப்புக்கான குற்றப் புகார் இன்னொன்று என இரண்டு வகைக் காகிதம் உண்டு. முதலாவது சட்டென்று கிடைத்துவிடும், அதனால் பலர் அதை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தூதரகத்துக்கு அது போதும், ஆனால் இன்சூரன்ஸில் இடிக்கும். பறிக்கப்பட்டது என்ற விவரம் இல்லாத காகிதத்தை வைத்துத் திருட்டுக்கான இழப்பீடு கேட்டால் நிராகரிக்கக் காரணம் கிடைத்துவிடுகிறது. நேரமானாலும் குற்றப் புகாரையும் கேட்டு வாங்குங்கள். தொலைந்ததற்கான சான்றுக்குக் கட்டணம் கிடையாது.

காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் பாஸ்போர்ட் எண், பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், சம்பவம் நடந்த தேதி, நேரம், தெரு, போன பொருட்களின் பட்டியல் எல்லாவற்றையும் சரிபாருங்கள். நம் ஊர்ப் பெயர்களில் அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று அங்கே குழம்புவார்கள். ஓர் எழுத்து மாறினாலும் அடுத்த கவுன்டரில் திருப்பி அனுப்பலாம். போனின் மாடலும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் தனி அடையாள எண்) பட்டியலில் ஏறட்டும். பல பாலிசிகள் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லியிருக்க வேண்டும் என்கின்றன, ஆகவே 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். மொழி சிக்கல் என்றால் ஹோட்டல் ரிசப்ஷனிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போகலாம். பக்கத்துக் கடையின் சிசிடிவி பற்றியும் அப்போதே சொல்லுங்கள். பழைய பதிவு சில நாட்களில் அழிந்துவிடும்.

அடுத்தது டென்பசார், ரேனோன் பகுதியில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம். அங்கே புதிய பாஸ்போர்ட், எமர்ஜென்சி சர்டிஃபிகேட் (தற்காலிகப் பயண ஆவணம்) என இரண்டு வழிகள் உண்டு. புதிய பாஸ்போர்ட்டுக்கு இந்தியாவிலிருந்து சரிபார்ப்பு வர வேண்டும், நாளாகும். விடுமுறைக்கு வந்தவர்களுக்கு எமர்ஜென்சி சர்டிஃபிகேட்தான் சரி. ஆனால் அதை வைத்து இந்தியா திரும்ப மட்டுமே முடியும். அங்கிருந்து வேறு நாடு போகும் திட்டம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஆன்லைனில் நிரப்பி அச்செடுத்த விண்ணப்பம், போலீஸ் ரிப்போர்ட்டின் அசல், வெள்ளைப் பின்னணியில் 2 அங்குலச் சதுரப் போட்டோக்கள், பாஸ்போர்ட் நகல், விசா நகல், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். நகலில் முதல் பக்கம் மட்டும் போதாது. பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கமும் வேண்டும். நகல் இருந்தால் இந்தியக் குடிமகன்தான் என்று உறுதிசெய்வது வேகமாக முடியும். ஒரு முறை தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் பிறகு கிடைத்தாலும், அதைக் காட்டி விமானம் ஏற முடியாது.

சர்டிஃபிகேட் வந்ததும் நேராக ஏர்போர்ட்டுக்கு ஓடுவதுதான் பலர் சறுக்கும் இடம். நாட்டுக்குள் வந்த பதிவு பழைய பாஸ்போர்ட் எண்ணில் இருக்கும். எனவே இமிக்ரேஷன் அலுவலகத்தில் வெளியேறும் அனுமதி வாங்கிய பிறகே கிளம்ப வேண்டும். ஆன்லைனில் விசா எடுத்தவர்களுக்கு மெயிலில் வந்த பிடிஎஃப் இங்கே கைகொடுக்கும். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போகாதீர்கள், உள்ளே விடாமல் போகலாம். விசா முடியும் தேதியிலும் ஒரு கண் இருக்கட்டும். கூடுதலாகத் தங்கினால் நாளுக்கு 10 லட்சம் ரூபியா அபராதம். சனி, ஞாயிறோடு இந்திய விடுமுறை, இந்தோனேசிய விடுமுறை இரண்டையும் பார்த்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் மார்ச்சில் வரும் நியெப்பி (பாலி இந்துக்களின் மௌன நாள்) அன்று பாலி ஏர்போர்ட்டே 24 மணி நேரம் மூடியிருக்கும்.

டிக்கெட்டை மாற்றும் முன், இடையில் எந்த நாட்டில் விமானம் மாறுகிறதோ அங்கே எமர்ஜென்சி சர்டிஃபிகேட்டோடு அனுமதிப்பார்களா என்று விமான நிறுவனத்திடம் கேளுங்கள். இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் சிக்கல் அதிகம், ஏனென்றால் நடுவில் அந்த நாட்டுக்குள் நுழைந்து பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் கையில் காசு வேண்டுமே. வெளியிலிருந்து வரும் பணத்தைக் கவுன்டரில் வாங்கவும் பாஸ்போர்ட்தான் கேட்பார்கள். ஒரு கார்டையும் கொஞ்சம் ரொக்கத்தையும் ஹோட்டல் அறையில் தனியாக வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். டாக்ஸி, போட்டோ, சர்டிஃபிகேட் கட்டணம் என்று எல்லா ரசீதையும் இன்சூரன்ஸுக்காகச் சேர்த்து வையுங்கள்.

இந்தியாவில் இறங்கியதும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட்டை இமிக்ரேஷனில் வாங்கிக்கொள்வார்கள், அதனால் முன்பே தெளிவாகப் படமெடுத்து வையுங்கள். பிறகு பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'தொலைந்தது' என்ற பிரிவில் மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு ₹3,000, தத்காலுக்கு மேலும் ₹2,000. எங்கே, எப்படிப் போனது என்ற உறுதிமொழிப் பத்திரமும் கேட்பார்கள். அதில் எழுதும் தேதியும் இடமும் பாலி போலீஸ் ரிப்போர்ட்டில் உள்ளதோடு அப்படியே பொருந்த வேண்டும்.