கழற்றி வைத்த மூடிகளும் ஒரு மேலாளரும்

தேயிலைத் தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து வரும் பாதுகாப்பு ஆலோசகருக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. அரசின் ஆய்வாளர் எந்திரத்தை நிறுத்தச் சொல்லலாம். ஆலோசகர் சொல்லும் இடத்திலோ, மேலாளர் ஒப்புக்கொண்டால்தான் ஒரு போல்ட்டுகூட முடுக்கப்படும். குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் நான் பணிபுரிந்த ஆண்டுகளில், எந்திரங்களைப் பார்த்த நேரத்தைவிட, ஒப்புக்கொள்ள மறுக்கும் மேலாளர்களோடு பேசிய நேரமே அதிகம்.

கோத்தகிரிப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில், சி.டி.சி. எந்திரங்களின் பெல்ட்டுகளையும் உருளைகளையும் மறைக்க வேண்டிய தகர மூடிகள் கழற்றப்பட்டுச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பல் வெட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மெதுவாகவும் மற்றொன்று ஏறத்தாழப் பத்து மடங்கு வேகத்திலும், எதிரெதிராகச் சுழன்று இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திரம் அது. அதில் துணி சிக்கினால் கையும் கூடவே போகும். மலைக் குளிரில் சால்வையோ மஃப்ளரோ இல்லாமல் யாரும் இரவு ஷிப்டுக்கு வருவதில்லை என்பதால், அந்த மூடிகள் இல்லாதது எனக்குப் பெரும் அச்சத்தைத் தந்தது.

"எத்தனையோ வருஷமா இப்படித்தான் சார் ஓடுது, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் மேலாளர். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், எந்திரம் ஓடும் நேரமெல்லாம் காப்பு அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று 21ஆம் பிரிவில் தெளிவாகவே சொன்னது. ஆனால் தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரும் தொழிலாளர்களும் சூழ நிற்கையில் அதை எடுத்துச் சொன்னால், அவர் தம் மதிப்பைக் காப்பதற்காகவே மறுப்பில் உறுதியாக நின்றுவிடுவார் என்பதால், அவ்விடத்தில் ஒன்றும் சொல்லாமல் இலை வாட்டும் தொட்டிகளைக் காட்டச் சொல்லி மேலே நடந்தேன்.

மறுப்பின் காரணம் டீமேக்கரிடம் பேசியபோதுதான் விளங்கியது. சீசனில் மாலை நேரத்தில் இலை லாரிகள் வரிசையாக வந்து நிற்கும். வெட்டுப்பட்ட இலையின் நொதித்தல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பதம் தவறினால் குன்னூர் தேயிலை ஏலத்தில் விலை இறங்கும், அந்த இறக்கம் இலை கொடுத்த விவசாயி வரை போய்ச் சேரும். உருளையில் இலை அடைத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அத்தனை போல்ட்டுகளையும் கழற்றி மாட்ட வேண்டியிருந்ததால், மூடி ஒருநாள் சுவரோரம் போய், அங்கேயே தங்கிவிட்டது. மேலாளருக்கு உயிர்மேல் அக்கறை இல்லை என்று நான் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். முதலாளி அவரிடம் தினமும் கேட்பது எத்தனை கிலோ தூள் வந்தது என்பதை மட்டுமே.

மறுநாள் அவருடைய அறையில், தனியாக, மூடியைப் பற்றிப் பேசாமல் அடைப்பைப் பற்றிக் கேட்டேன். அவர் நீண்ட நேரம் பேசினார். போல்ட்டுக்குப் பதில் கீல் வைத்து, திறந்த உடனே மோட்டாரை நிறுத்தும் ஒரு சுவிட்சைப் பொருத்தினால் அடைப்பை எடுக்கும் நேரம் குறையுமா என்று நான் கேட்க, அவரே ஃபிட்டரை வரவழைத்தார். எல்லா எந்திரங்களுக்கும் வேண்டாம், முதலில் ஒன்றுக்கு மட்டும் செய்து பார்க்கலாம் என்றதும் அவர்தாம். "இது நம்ம தொழிற்சாலையிலேயே செய்தது" என்று மேலாளர் பின்னர் முதலாளியிடம் காட்டியபோது, அறிக்கையில் ஃபிட்டரின் பங்கை மட்டும் குறிப்பிட்டேன், செய்தவர் ஃபிட்டர்தாமே.

சில ஆலோசகர்கள் ஆய்வாளரிடம் சொல்லிவிடுவதாக மிரட்டுவார்கள். அப்படி மாட்டப்படும் மூடி ஆய்வு நாளன்று மட்டுமே எந்திரத்தின் மேல் இருக்கும் என்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் இதமாகவே பேசித் தீர்க்கலாம் என்று நான் கருதவில்லை. ஓடும் உருளைக்கு அருகே தூரிகையோடு பெண்கள் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது பேரம் பேசவில்லை. எந்திரத்தை நிறுத்திய பிறகே அங்கிருந்து நகர்ந்தேன். அவ்வேலைக்குப் பெண்களை அனுமதிப்பதை அதே சட்டத்தின் 22ஆம் பிரிவு தடுத்திருந்தது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் நின்றிருப்பேன். அன்று மாலையே அதைக் கடிதமாக எழுதி, முதலாளிக்கும் ஒரு நகல் போகும் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் செய்ததாக அவர் ஒருபோதும் சொல்ல முடியவில்லை.

இன்னும் தீராத ஒன்று உண்டு. தூளை உலர்த்தும் டிரையர் அறையின் பின்வாசலை மறைத்து விறகு அடுக்கப்பட்டிருக்கிறது. மழை மாதங்களில் வெளியே வைத்தால் விறகு நனைந்து சூடு குறையும் என்பது அவர் வாதம், அது உண்மையும்கூட. தீப்பற்றினால் உள்ளிருப்பவர்கள் எந்த வழியாக ஓடுவார்கள் என்ற என் கேள்விக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக விறகுக் கொட்டகையை நீட்டிக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுத் தரும்படி மட்டும் கேட்டிருக்கிறார்.