பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்த டியூக்: நான்கு நாள் குறிப்புகள்

மார்ச் 21
சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் பெயர் தந்தவர் பக்கிங்ஹாமின் மூன்றாம் டியூக், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநர். அவரை அறிய அவருடைய அப்பாவின் கடனிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்றைய இங்கிலாந்தில் பிரபுக்களின் நிலத்தை வாரிசுரிமை ஏற்பாடு கட்டிப்போட்டிருந்தது. குத்தகைப் பணத்தை அனுபவிக்கலாம், நிலத்தை விற்க முடியாது. மகனுக்கு 21 வயதானதும் தந்தையும் மகனும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் அந்தக் கட்டு அவிழும். 1844-ல் மகன் கையெழுத்திட்டார். வட்டிக்கு வாங்கி நிலம் சேர்த்தவர் அப்பா; குத்தகையோ வட்டிக்கே காணவில்லை. கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. 1848-ல் குடும்பத்தின் ஸ்டோ மாளிகைப் பொருள்களை 40 நாள் ஏலம் விட்டும் வந்தது சுமார் 75,000 பவுண்டு. கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

மார்ச் 23
மகன் வேலைக்குப் போனார். 1853 முதல் 1861 வரை லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் தலைவர். 1867-ல் குடியேற்ற நாடுகளின் அமைச்சர்.

எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது, இங்கிலாந்தில் அவர் போட்ட வொட்டன் டிராம்வே என்ற சிறு ரயில்பாதை. 1871 ஏப்ரல் 1-ல் குவெய்ன்டன் ரோடு முதல் வொட்டன் வரை ஓடத் தொடங்கி, மறு ஆண்டு பிரில் வரை நீண்டது. மொத்தம் சுமார் 10 கி.மீ. பெரும்பகுதி சொந்த நிலம் என்பதால் நாடாளுமன்றச் சட்டம் தேவைப்படவில்லை, செலவும் மிச்சம். வண்டியை இழுக்கக் குதிரைகள். குறுக்குக் கட்டை போட்டால் குதிரையின் கால் இடறும். அதனால் தண்டவாளத்துக்கு அடியில் கட்டையை நீளவாக்கில் பதித்தார்கள். ஆனால் பாதை மெல்லியது, கனமான என்ஜினைத் தாங்காது. 1872-ல் வந்த ஏவ்லிங் அண்டு போர்ட்டர் என்ஜின்கள், சாலையில் ஓடும் நீராவி என்ஜினின் அமைப்பைத் தண்டவாளத்துக்கு ஏற்ப மாற்றிச் செய்தவை. மெதுவாகத்தான் ஊர்ந்தன.

மார்ச் 24
அவர் சென்னை ஆளுநராக இருந்தபோது வந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். 1877 தொடக்கத்தில் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு அது பற்றாது என்று சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அவர் சொன்னதே சரி. 1877 மே மாதம் சென்னை அரசு கூலியை ஓரளவு உயர்த்தியது. அதற்குள் பல மாதங்கள் வீணாகிவிட்டன.

கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே கால்வாயில் விட்டுப்போயிருந்த சுமார் 8 கி.மீ. துண்டை அந்தப் பஞ்சக் கூலிகளே வெட்டி இணைத்தார்கள். டியூக்கின் பெயர் கால்வாய்க்கு வந்தது அப்போதுதான்.

மார்ச் 26
டியூக் 1889-ல் இதே நாளில் இறந்தார். மூன்று மகள்கள், மகன் இல்லை. டியூக் பட்டம் அவரோடு முடிந்தது. ஆண் வாரிசு தேவைப்படாத ஸ்காட்லாந்துப் பட்டமான கின்லாஸ் மட்டும் மூத்த மகள் மேரிக்குப் போனது. ஸ்டோ மாளிகை 1923-ல் பள்ளிக்கூடமானது.